மெதுவாக நகரும் துப்பறியும் நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் படிப்பது: மார்ட்டின் பெக் வரிசையை வைத்து ஒரு வழிகாட்டி

ஒரே நாவலைப் படித்த ஒருவர் "போலீஸ் கதை என்றால் இதுதான்" என்கிறார். இன்னொருவர் "அறுபது பக்கம் தாண்ட முடியவில்லை, ஒன்றுமே நடக்கவில்லை, மூடி வைத்துவிட்டேன்" என்கிறார். நீளமான வரிசையில் வரும் நிதானமான துப்பறியும் நாவல் எதை எடுத்தாலும் இதே கதைதான், வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவருக்கு முன்பைவிடக் குழப்பம் கூடிவிடுகிறது. இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வரிசைக்குள் எந்த இடத்தில் நுழைந்தார்கள், எதை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள், இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் அந்தக் கருத்துகளில் எது நமக்கு உதவும், எது உதவாது என்று பிரித்துவிடலாம்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் பிடி கிடைக்காது, அதனால் ஒரு வரிசையை எடுத்துக்கொள்கிறேன். ஸ்வீடனைச் சேர்ந்த மாய் ஷோவால், பெர் வாலோ என்ற இருவரும் சேர்ந்து, ஸ்டாக்ஹோம் போலீஸ் துப்பறிவாளர் ஒருவரை மையமாக வைத்து எழுதிய மார்ட்டின் பெக் நாவல்கள். 1965இல் 'ரோசன்னா' தொடங்கி 1975இல் 'தி டெரரிஸ்ட்ஸ்' வரை பத்து நாவல்கள். இருவரும் பத்திரிகைக்காரர்கள், குழந்தைகளைத் தூங்கவைத்த பிறகு இரவில் உட்கார்ந்து ஆளுக்கு ஓர் அத்தியாயம் என்று எழுதினார்கள். பத்து நாவல், ஒவ்வொன்றிலும் 30 அத்தியாயம், மொத்தம் 300 அத்தியாயம் கொண்ட ஒரே பெரிய கதை என்றுதான் ஆரம்பத்திலேயே திட்டம் போட்டார்கள். கடைசி நாவல் வெளியான 1975ஆம் ஆண்டிலேயே வாலோ இறந்துவிட்டார், ஷோவால் 2020 வரை இருந்தார். இன்று ஸ்காண்டிநேவியக் குற்றக் கதைகள் என்று புத்தகக் கடையில் தனி அலமாரியே இருக்கிறது என்றால் அதற்கு அடித்தளம் போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள். ஆனாலும் 'ரோசன்னா'வைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், கருத்து இரண்டாகப் பிளந்துதான் கிடக்கும்.

மற்றவர்களின் கருத்தை எப்படிப் படிப்பது

நட்சத்திரம் எத்தனை என்பதை விட்டுவிடுங்கள். மெதுவான நாவலுக்கு ஐந்தும் ஒன்றும் கலந்து விழுந்து சராசரி மூன்றரையில் வந்து நிற்கும், அந்த மூன்றரை நமக்கு எதையும் சொல்லாது. எழுதியிருப்பதில் விவரம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். "ரொம்ப ஸ்லோ" என்பது விவரம் இல்லை. "கதையில் மூன்று மாதம் ஓடிய பிறகும் போலீஸுக்குத் தெரிந்தது செத்தவளின் பெயரும் ஊரும்தான்" என்று ஒருவர் திட்டி எழுதியிருந்தால் அது தங்கம் மாதிரியான கருத்து, ஏனென்றால் 'ரோசன்னா'வில் நடப்பது அச்சு அசலாக அதுதான். அதைப் படித்ததும் உங்களுக்கு எரிச்சல் வருகிறதா, இல்லை "அட, அப்புறம் எப்படித்தான் கண்டுபிடித்தார்கள்?" என்று தோன்றுகிறதா? அந்த இடத்திலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. திட்டியவர் உங்களுக்கு நல்லதுதான் செய்திருக்கிறார்.

அடுத்து, அவர் வரிசையில் எத்தனையாவது நாவலைப் பற்றிப் பேசுகிறார், அதற்கு முன் வந்ததைப் படித்திருக்கிறாரா என்று தேடுங்கள். பலர் இதைச் சொல்வதே இல்லை, ஆனால் வரிகளுக்குள் தெரிந்துவிடும். "இத்தனை போலீஸ்காரர்கள் எதற்கு, யார் யார் என்றே புரியவில்லை" என்று ஒருவர் எழுதினால் அவர் நடுவில் நுழைந்தவர். நான்காவது நாவலான 'தி லாஃபிங் போலீஸ்மேன்' இதற்குச் சரியான உதாரணம். 1967 நவம்பர் இரவு, ஸ்டாக்ஹோமில் வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலத்தை அடக்குவதற்குப் போலீஸ் முழுக்க அமெரிக்கத் தூதரகத்துப் பக்கம் போயிருக்கிறது, ஊரின் இன்னொரு மூலையில் ஒரு பஸ்ஸில் ஒன்பது பேர் சுடப்படுகிறார்கள். அதில் ஒருவர் பெக்கின் குழுவிலேயே இருந்த இளம் போலீஸ்காரர் ஸ்டென்ஸ்ட்ரோம். முந்தைய நாவல்களில் அவர் ஓர் ஓரத்தில் வந்துபோனவர்தான், ஆனால் 'ரோசன்னா'விலிருந்து அவரைப் பார்த்துவந்த வாசகருக்கு அந்த பஸ்ஸுக்குள் அவர் கிடப்பது அடிவயிற்றில் ஒரு குத்து. நேராக நான்காவதை எடுத்தவருக்கு ஒன்பது பேரில் அவரும் ஒரு பெயர், அவ்வளவுதான். ஒரே பக்கத்தைத்தான் இருவரும் படிக்கிறார்கள், இருவரின் அனுபவமும் ஒன்றில்லை.

மொழிநடையைப் பற்றிய குறை இருந்தால் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. இந்தப் பத்தையும் ஆங்கிலத்தில் ஒரே ஆள் மொழிபெயர்க்கவில்லை, பல பேர் கை பட்டிருக்கிறது. நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் இவற்றைப் படிக்கிறோம் என்பதால், ஒரு நாவலில் வறண்டு தெரிவது அடுத்ததில் சரளமாக இருக்கலாம். மொழி வறட்சியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை அந்த ஒரு நாவலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வரிசைக்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

மெதுவிலும் வகை உண்டு

"மெதுவாகப் போகிறது" என்ற ஒரே வார்த்தையில் மூன்று நான்கு வெவ்வேறு விஷயங்களைப் போட்டு அடைக்கிறோம், பாதிச் சண்டை இங்கேதான் வருகிறது.

மார்ட்டின் பெக் வரிசையில் மெதுவாக நடப்பது விசாரணை. எழுத்து மெதுவானது இல்லை, வாக்கியங்கள் சின்னவை, அத்தியாயங்கள் சின்னவை, வர்ணனை குறைவு, நாவல்களும் அவ்வளவு தடி இல்லை. ஆனால் கடிதம் போட்டால் பதில் வர நாளாகிறது, வெளிநாட்டுப் போலீஸ் தேடிப் பிடித்துச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது, அந்தக் காத்திருப்பை ஆசிரியர்கள் வெட்டி எறியாமல் நம்மையும் கூடவே உட்காரவைக்கிறார்கள். பி. டி. ஜேம்ஸின் ஆடம் டால்க்லீஷ் நாவல்கள் (1962 முதல் 2008 வரை 14) வேறு மாதிரி. அங்கே கொலை நடப்பதற்கு முன்பே அந்த இடத்தையும் அங்கிருக்கும் ஒவ்வொருவரின் மனதையும் விரிவாகச் சொல்லிவிடுவார், அறையில் இருக்கும் மேஜை நாற்காலிக்குக்கூட இடம் உண்டு. லூயி பென்னியின் கமாஷ் வரிசையில் கியூபெக்கில் இருக்கும் த்ரீ பைன்ஸ் என்ற கற்பனைக் கிராமத்து மனிதர்களோடும் அவர்கள் சாப்பாட்டோடும் இருப்பதுதான் பாதிச் சுகம், அந்த ஊரைப் பிடித்தவருக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. ஜார்ஜ் சிமெனோனின் மேக்ரே நாவல்கள் 75 இருக்கின்றன, மேக்ரே ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஆனால் புத்தகம் என்னவோ ஒரே நாளில் முடிந்துவிடும் அளவுதான்.

இவை எல்லாவற்றையும் தாண்டி இன்னொரு மெதுவு இருக்கிறது, வரிசை ஓடி ஓடிக் களைத்துப்போய் ஒவ்வொரு நாவலும் முந்தையதைவிட நூறு பக்கம் கூடிக்கொண்டே போவது. அதைப் பற்றி வாசகர்கள் குறை சொன்னால் அது நியாயமான குறை, காது கொடுத்துக் கேளுங்கள்.

நம்மில் பலர் துப்பறியும் கதைக்குப் பழகியது பஸ் ஸ்டாண்டில் வாங்கி ஊர் போய்ச் சேர்வதற்குள் முடித்துவிடும் மாத நாவல்கள் வழியாக. ஒவ்வொரு அத்தியாயமும் ஓர் அதிர்ச்சியில் முடியும், அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் இருக்க முடியாது. அது ஒரு தனித் திறமை, எனக்கு அதன் மேல் இன்றும் மரியாதை இருக்கிறது. அதே கையோடு 'ரோசன்னா'வை எடுத்தால் முதல் நாற்பது பக்கத்தில் ஏமாற்றம் நிச்சயம். அது உங்கள் குறையும் இல்லை, நாவலின் குறையும் இல்லை, வேகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது

சரி, வாங்குவது என்று முடிவு செய்தாகிவிட்டது. முதலிலிருந்தா, நடுவிலிருந்தா?

மேக்ரே மாதிரி வரிசைக்கு இந்தக் கேள்வியே தேவையில்லை, கையில் கிடைத்ததை எடுக்கலாம். மார்ட்டின் பெக்குக்கு அப்படி முடியாது. பெக்கின் குடும்பம் மெல்ல மெல்ல உடைவது, நண்பர் கோல்பெரிக்குத் தன் வேலையின் மேல் கசப்பு ஏறுவது, ஏழாவது நாவலின் கடைசியில் பெக்குக்கு நேர்வது எட்டாவதின் தொடக்கத்தில் தொடர்வது, இதெல்லாம் வரிசையாகப் படித்தால்தான் ஏறும். அதைவிட நடைமுறையில் முக்கியமான ஒன்று: ஒன்பதாவது நாவலான 'காப் கில்லர்' (1974) முதல் இரண்டு நாவல்களின் குற்றவாளிகளைத் திரும்பக் கூட்டி வருகிறது. அதைத் தெரியாமல் முதலில் படித்துவிட்டால் 'ரோசன்னா', 'தி மேன் ஹூ வென்ட் அப் இன் ஸ்மோக்' இரண்டின் மர்மமும் போயே போய்விடும். பழைய புத்தகக் கடையில் ஒன்பதாவது மட்டும் மலிவாகக் கிடைத்தால் வாங்கி வையுங்கள், ஆனால் திறக்காதீர்கள்.

என் யோசனை: 'ரோசன்னா'விலேயே தொடங்குங்கள். நான்காவதிலிருந்து தொடங்கச் சொல்பவர்கள் நிறையப் பேர், அதற்குக் காரணமும் உண்டு, அமெரிக்காவில் மர்மக் கதைகளுக்குத் தரும் எட்கர் விருதை 1971இல் வாங்கிய நாவல் அது, தொடக்கமே பரபரப்பானது. ஆனால் மேலே சொன்ன ஸ்டென்ஸ்ட்ரோம் விஷயத்துக்காகவே நான் அதை முதலில் தர மாட்டேன். 'ரோசன்னா' ஒத்துவரவில்லை என்றால் மூன்றாவதான 'தி மேன் ஆன் தி பால்கனி' (1967) ஒரு நல்ல மாற்று வாசல். அதில் கோடைக்கால ஸ்டாக்ஹோம், பூங்காக்களில் சிறுமிகள் கொல்லப்படுகிறார்கள், ஊரே பயத்தில் இருக்கிறது, போலீஸுக்கு நேரமே இல்லை, அதனால் கதையும் வேகமெடுக்கிறது. குன்வால்ட் லார்சன் என்ற முரட்டு ஆள் அறிமுகமாவதும் அதில்தான், அவர் வந்த பிறகு வரிசையின் சூடே வேறு. குழந்தைகள் சம்பந்தப்பட்ட கொடுமையைப் படிக்க முடியாதவர்கள் மட்டும் அதைத் தள்ளிவைத்துவிட்டு நான்காவதுக்குப் போகலாம்.

இரண்டாவதைப் பற்றி ஒரு வார்த்தை. காணாமல் போன ஒரு பத்திரிகையாளரைத் தேடி பெக் புடாபெஸ்ட் போகிறார், நாவலின் பெரும்பகுதி அங்கேயே நடக்கிறது, குழு கூட இல்லை. பத்தில் தொய்வானது எனக்கு அதுதான். வரிசைக்குள் புதிதாக வந்தவர்கள் பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அதை வைத்து மற்ற எட்டையும் எடை போட வேண்டாம். வரிசையாகத்தான் படிப்பேன் என்பவர் அதை ஒரு விடுமுறைப் பயணம் மாதிரி லேசாகப் படித்துக் கடந்துவிடலாம்.

படிக்க உட்கார்ந்த பிறகு

தூங்கப் போகும் முன் மூன்று பக்கம், பஸ்ஸில் இரண்டு பக்கம் என்று துண்டு துண்டாகப் படித்தால் இந்த நாவல்கள் தாங்காது. வேகமான கதை அதைத் தாங்கும், ஏனென்றால் விட்ட இடத்தில் ஒரு கொக்கி இருக்கும். இங்கே கொக்கி கிடையாது, சூழல்தான் இருக்கிறது, அதற்குள் மறுபடி மறுபடி நுழைய நேரம் பிடிக்கும். அத்தியாயங்கள் சின்னவை என்பதால் ஒரே அமர்வில் ஐந்தாறு போய்விடும். 'ரோசன்னா'வின் முதல் பத்து அத்தியாயத்தை இரண்டு அமர்வில் முடிக்கப் பாருங்கள், பிடித்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். ஒலிப்புத்தகமாகக் கேட்பதை முதல் நாவலுக்கு மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஸ்வீடிஷ் பெயர்களைக் காதால் மட்டும் கேட்டுப் பிரித்துவைப்பது கஷ்டம்.

பெயர்களுக்கு ஒரு துண்டுத்தாள் போதும், அதைப் புக்மார்க்காகவே வைத்துக்கொள்ளலாம். கோல்பெரி: குண்டான ஆள், பெக்கின் நெருங்கிய நண்பர், சாப்பாட்டுப் பிரியர், துப்பாக்கி பிடிக்காதவர். மெலாண்டர்: வாயில் பைப், எதையும் மறக்காத ஞாபகம், தேடும்போதெல்லாம் கழிவறையில் இருப்பார். ஆல்பெரி: மோட்டலா ஊர்ப் போலீஸ். பெக்: வயிறு சரியில்லை, காபி ஒத்துக்கொள்ளாது, ஆனாலும் குடிப்பார், வீட்டில் பேச்சுவார்த்தை குறைவு, இரவில் தனியாக உட்கார்ந்து மாதிரிக் கப்பல்களை ஒட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவு எழுதிவைத்தால் பாதித் தடுமாற்றம் தீர்ந்தது. கூடவே வரும் தேதிகளையும் குறித்துக்கொண்டே போங்கள். 'ரோசன்னா'வில் பிணம் கிடைத்தது ஜூலை 8, முடிவு வரும்போது குளிர்காலம். இடையில் எத்தனை வாரம் ஒன்றுமே நடக்காமல் போனது என்பது தாளில் பார்க்கும்போதுதான் உறைக்கும், அந்தப் போலீஸ்காரர்களின் எரிச்சல் நமக்கும் புரிய ஆரம்பிக்கும்.

ஸ்வீடன் வரைபடத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கதை தொடங்குவது யோட்டா கால்வாயில், மோட்டலாவுக்குப் பக்கத்தில் இருக்கும் போரன்ஷுல்ட் மதகுகளில். தூர்வாரும் இயந்திரம் சேற்றோடு ஒரு பெண்ணின் உடலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. உடம்பில் துணி இல்லை, அடையாளம் இல்லை, காணவில்லை என்று ஊரில் யாரும் புகார் கொடுக்கவும் இல்லை. அந்தக் கால்வாயில் கோடையில் சுற்றுலாக் கப்பல்கள் போகும். நாவலில் வரும் 'டயானா' என்ற கப்பல் நிஜமாகவே 1931இல் கட்டப்பட்டு அந்த வழியில் ஓடிய கப்பல்தான். கால்வாய் எவ்வளவு குறுகலானது, கப்பல் மதகு மதகாக எப்படி ஏறி இறங்குகிறது என்று படத்தில் ஒருமுறை பார்த்துவிட்டால் போலீஸ் ஏன் கப்பலையே சுற்றிச் சுற்றி வருகிறது என்பது தானாகத் தெரியும்.

எதைத் தாவலாம், எதைத் தாவக்கூடாது என்று கேட்டால், தெருப் பெயர்களையும் எந்த ரயிலில் ஏறினார் என்பதையும் வேகமாகக் கடக்கலாம், தப்பில்லை. தொலைபேசிப் பேச்சுகளைத் தாவவே கூடாது. 'தி மேன் ஆன் தி பால்கனி'யில் ஆரம்பத்திலேயே ஒரு பெண் போன் செய்து எதிர்ப்பக்கத்து பால்கனியில் ஓர் ஆள் எந்நேரமும் நிற்கிறான் என்று புகார் சொல்கிறார். போனை எடுத்த லார்சன் எரிச்சலோடு பேசி முடித்துவிடுகிறார், அறையில் இருந்த பெக் காதில் பாதி விழுகிறது. அப்புறம் வெகு நேரம் கழித்து பெக்கின் மனதில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும், எங்கேயோ கேட்டோமே என்று. அந்த போனைக் கவனமாகப் படித்தவருக்கு அந்த உறுத்தல் சொந்த உறுத்தலாக இருக்கும். தாவியவருக்கு "இந்த ஆள் ஏன் சும்மா யோசித்துக்கொண்டே இருக்கிறார்" என்று சலிப்பு வரும்.

அதே மாதிரி விசாரணைப் பதிவுகள். 'ரோசன்னா'வில் செத்தவர் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கனைச் சேர்ந்த நூலகர் என்று தெரிந்ததும், அங்கிருக்கும் காஃப்கா என்ற போலீஸ்காரர் அவருடைய தோழியிடமும் பழைய காதலனிடமும் பேசி, கேள்வி பதிலை அப்படியே அனுப்புகிறார். வெறும் கேள்வி, வெறும் பதில், நடுவில் வர்ணனை எதுவும் இல்லை. பார்க்க நீதிமன்ற ஆவணம் போலத் தோன்றும், கை தானாகப் பக்கத்தைப் புரட்டும். புரட்டாதீர்கள். அதுவரை 'பிணம்' என்று இருந்தவர் தனக்கென்று விருப்பு வெறுப்பும் பிடிவாதமும் கொண்ட ஒரு மனுஷியாக மாறுவது அந்தப் பக்கங்களில்தான். பெக் அவரை ஒரு கேஸாகப் பார்ப்பதை நிறுத்துவதும் அங்கேதான் என்பது என் எண்ணம். யாருக்காக அவர் இத்தனை மாதம் அலைகிறார் என்ற கேள்விக்கு அதற்குப் பிறகு பதில் தேவைப்படாது.

என்னைக் கேட்டால் இந்த நாவலின் உயிர் அதற்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கப்பலில் பயணிகளும் ஊழியர்களுமாக 85 பேர் இருந்திருக்கிறார்கள், பயணம் முடிந்து பல நாடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் கொலைகாரர். என்ன செய்வது? சுற்றுலாப் பயணி என்றால் கையில் கேமரா இருக்கும். ஒவ்வொருவரையும் கண்டுபிடித்து, எடுத்த படங்களைக் கேட்டு வாங்கி, ஸ்டாக்ஹோமில் மேஜைமேல் பரப்பி, எது எந்த நாள், எந்த இடம் என்று அடுக்குகிறார்கள். யாரோ ஒருவரின் மனைவி சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தின் பின்னால், கைப்பிடிக் கம்பியோரமாக, ரோசன்னா உயிரோடு நிற்கிறார். அவரை எடுக்க எடுத்த படமே இல்லை அது. இதை அவசரமாகப் படித்தால் "படங்களைப் பார்த்தார்கள், துப்பு கிடைத்தது" என்று ஒரே வரி. அந்த மேஜையில் பெக்கோடு உட்கார்ந்து நாமும் ஒவ்வொரு படமாகப் பார்க்கும்போதுதான் ஒரு மூலையில் அவர் தென்படும் அந்தக் கணம் தூக்கிவாரிப் போடுகிறது. கணினியும் கைபேசியும் இல்லாத 1960களில் ஒரு கொலையைக் கண்டுபிடிப்பது இப்படித்தான் இருந்திருக்கும், வேகமாகச் சொல்லியிருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

கடைசிப் பகுதியிலும் ஒரு நீண்ட காத்திருப்பு வரும். சந்தேகத்துக்குரிய ஆளை நாள் கணக்கில் பின்தொடர்கிறார்கள், அவர் வேலைக்குப் போகிறார், சாப்பிடுகிறார், வீட்டுக்கு வருகிறார், மறுநாளும் அதே. இங்கே பொறுமை இழந்து கடைசி அத்தியாயத்தை எட்டிப் பார்க்கும் ஆசை வரும், அதை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அந்தச் சலிப்பு முழுக்க ஏறிய பிறகு வரும் சில நிமிடங்கள் இந்த வரிசையிலேயே அதிகம் மூச்சை அடைக்கும் இடங்களில் ஒன்று.

எதுவரை பொறுப்பது என்பதற்கும் ஓர் எல்லை வேண்டும். 'ரோசன்னா'வில் காஃப்கா அனுப்பிய பதிவுகள் முடியும்வரை படியுங்கள், அதற்குப் பிறகும் ரோசன்னாவை யார் கொன்றார் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் இல்லை என்றால் மூடிவிடலாம், குற்ற உணர்வு வேண்டாம். மற்ற வரிசைகளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பக்கம் என்ற பொதுக் கணக்கு மெதுவான நாவலுக்குப் பொருந்தாது, பி. டி. ஜேம்ஸில் சில சமயம் ஐம்பது பக்கத்தில் கொலையே நடந்திருக்காது.

பின்பாதி நாவல்களைப் பற்றிய சண்டை

ஆறாவது ஏழாவது நாவலுக்கு வந்ததும் கருத்துகள் வேறு மாதிரி பிளக்கும். முன்பாதியை விரும்பியவர்களே "அரசியல் பிரசங்கம் அதிகமாகிவிட்டது" என்பார்கள், வேறு சிலர் "இங்கேதான் உண்மையான சூடே" என்பார்கள். ஆசிரியர்கள் இருவரும் மார்க்சியர்கள். எல்லோரையும் கவனித்துக்கொள்ளும் நலவாழ்வு அரசு என்று உலகம் பாராட்டிய ஸ்வீடனுக்குள் யாரெல்லாம் கைவிடப்பட்டார்கள் என்று காட்டுவதுதான் பத்து நாவலின் நோக்கம். முதல் மூன்றில் அதை வெளியே தெரியாமல் வைத்திருந்தார்கள், போகப் போக வெளிப்படையாக எழுத ஆரம்பித்தார்கள். 1965இல் ஊராட்சிகளின் கீழ் இருந்த போலீஸ் முழுக்க அரசின் ஒரே அமைப்பாக மாற்றப்பட்டது. அந்த மாற்றத்தின் மேல் பெக்கும் கோல்பெரியும் புலம்புவது வரிசை முழுக்க வரும். இந்த ஒரு விவரம் தெரியாமல் படித்தால் அந்தப் புலம்பல் சம்பந்தமில்லாத வம்பாகத் தோன்றும்.

என் கருத்தைக் கேட்டால், 'தி அபாமினபிள் மேன்' (1971) பத்திலேயே இறுக்கமான நாவல், ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிகிறது, அரசியல் கதையோடு ஒட்டியே வருகிறது. 'தி லாக்ட் ரூம்' (1972) நன்றாக இருந்தாலும் வங்கிக்கொள்ளைப் பகுதியில் ஆசிரியர்களின் குரல் பாத்திரங்களின் குரலை அமுக்கிவிடுகிறது, குறை சொல்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அரசியல் வாசனையே பிடிக்காதவர் ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை. இன்னொரு ஸ்வீடன் எழுத்தாளரான ஹென்னிங் மான்கெலின் வாலண்டர் நாவல்களை (முதல் நாவல் 1991) படித்து ரசித்தவர் என்றால் தாராளமாகப் பத்தையும் படிக்கலாம், மான்கெல் நடந்த பாதையை இவர்கள்தான் போட்டார்கள், 'ரோசன்னா'வின் ஆங்கிலப் பதிப்பு ஒன்றுக்கு அவர் முன்னுரையும் எழுதியிருக்கிறார்.

ஒன்றை முடித்ததும் அடுத்ததை உடனே எடுக்காதீர்கள். தொடர்ந்து நான்கைந்து படித்தால் பெக்கின் சளியும் வயிற்றுவலியும் திரும்பத் திரும்ப வருவது அலுத்துவிடும், "ஒரே மாதிரி இருக்கிறது" என்ற கருத்துகளில் பாதி இப்படி மொத்தமாகப் படித்தவர்களிடமிருந்து வருபவை என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வந்த நாவல்கள் இவை, நடுவில் வேறு ஒன்றிரண்டு புத்தகம் படித்துவிட்டு வந்தால் பழைய சிநேகிதரைப் பார்க்கும் சந்தோஷம் தானாகவே இருக்கும்.

நீங்கள் கருத்து எழுதும்போது

படித்து முடித்தால் நாலு வரி எழுதுங்கள், பிடிக்காவிட்டாலும். எத்தனையாவது நாவல், முன்னால் எதைப் படித்திருந்தீர்கள், எதுவரை படித்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பாதியில் விட்டிருந்தால் எந்த இடத்தில் விட்டீர்கள் என்று சொல்லுங்கள், "போர்" என்பதைவிட "காஃப்காவின் கேள்வி பதிலில் விட்டேன்" என்பது அடுத்தவருக்கு ஆயிரம் மடங்கு உதவும். பிடித்திருந்தால் 'மாஸ்டர்பீஸ்' என்று மட்டும் எழுதி நிறுத்தாமல் எந்தக் காட்சி உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று ஒன்றையாவது எழுதுங்கள், அதைப் பார்த்து ஒருவர் வாங்குவார், இன்னொருவர் "இது எனக்கில்லை" என்று நகர்வார், இரண்டும் நல்லதுதான். முடிவை மறைப்பது எல்லோருக்கும் தெரியும், வரிசை நாவலில் அதைவிட எளிதாக நழுவுவது முந்தைய நாவலின் முடிவு. அதனால் 'காப் கில்லர்' பற்றி எழுதும்போது அதில் திரும்ப வருபவர்களின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள், 'ரோசன்னா'வை இன்னும் தொடாத ஒருவர் அதைப் படிக்கக்கூடும்.